பசுமைக் கூரைக்கு உங்கள் கட்டடம் ஏற்றதா? வேலூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் மாசி முடிந்ததுமே மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு மொட்டைமாடி ஞாபகம் வந்துவிடும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். பகலெல்லாம் காய்ந்த தளம் நடு இரவு வரைக்கும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மாடி முழுக்க மண் பரப்பிச் செடி வளர்த்தால் குளிருமே என்று தோன்றுவதில் தப்பே இல்லை. தளத்தில் நேர் வெயில் படாது. இலையிலும் மண்ணிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

கைப்பிடிச் சுவரோரம் பத்துப் பன்னிரண்டு பைகளில் தக்காளியும் கீரையும் வளர்ப்பதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. தளத்தின் மேலேயே நீர்த்தடுப்பு, வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, மண் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மாடியின் பெரும்பகுதியைச் செடியால் மூடும் பசுமைக் கூரையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஒரு தடவை போட்டால் பல வருடம் அப்படியே கிடக்கும் சமாச்சாரம். கீழே விரிசல் விட்டால் எல்லாவற்றையும் அள்ளிய பிறகுதான் பார்க்கவே முடியும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் “வெயிட் தாங்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் எடையில் தேறிய கட்டடம்கூட நம் ஊரில் ஏப்ரல், மே மாதத் தண்ணீரில் தோற்றுப்போகும். அதனால் கீழே உள்ள படிகளை வரிசையாகப் போங்கள். ஒரு படியில் ‘இல்லை’ என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்த படிக்குச் செலவழிக்க வேண்டாம்.

படி 1: மேலே இருப்பது என்ன கூரை?

கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் பக்கத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் தளம் இன்னும் இருக்கிறது. தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திவைத்த சிறு செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. நிமிர்ந்து பார்த்தால் மர விட்டங்கள் வரிசையாகத் தெரியும். இந்தக் கூரைக்குப் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். எடை ஒருபக்கம் இருக்கட்டும். அந்தத் தளம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பழகியது. அதன்மேல் வருடம் முழுக்க ஈர மண் கிடந்தால், சுவருக்குள் புதைந்திருக்கும் விட்ட முனைகள்தான் முதலில் உளுத்துப்போகும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கல்நார் ஷீட், தகர ஷீட் பற்றிப் பேச்சே இல்லை. அங்கே தரையிலிருந்து பீர்க்கனோ பாகலோ ஏற்றித் தனிப் பந்தல் போடுவது நல்லது.

கான்கிரீட் தளம் என்றால் மேலே போகலாம். அதற்கு முன் கட்டடத்தின் பிறப்புச் சான்றிதழைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். சத்துவாச்சாரியிலும் காந்தி நகரிலும் கீழ்த்தளம் ஒரு காலத்தில், மேல்தளம் மகன் கல்யாணத்துக்கு முன்னால் என்று கட்டிய வீடுகள் ஏராளம். மேலே பில்லரும் பீமும் இருக்கும். கீழே போனால் வெறும் செங்கல் சுவர்தான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கும். மாடித் தளம் புதிதாக இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. எடை கடைசியில் போய்ச் சேர்வது அஸ்திவாரத்தில்.

படி 2: எடைக் கணக்கு

இந்தப் படியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாடித் தளத்தின் மேல் ஆட்கள் ஏறி நடமாடுவதற்காக வைக்கும் பாரம், ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதியின் இரண்டாம் பாகப்படி, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். நம் கணக்கில் சுமார் 150 கிலோ. சதுர அடிக்கு 14 கிலோ. பராமரிப்புக்கு மட்டும் ஏறும் கூரை என்றால் அதில் பாதிதான்.

இப்போது மண்ணைப் பார்ப்போம். நன்றாக நனைந்த செம்மண் ஒரு கன மீட்டர் 1,800 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். அதை 10 சென்டிமீட்டர், அதாவது நான்கு அங்குல அளவுக்குப் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 180 முதல் 200 கிலோ. விதி கொடுத்த மொத்த இடமும் அதிலேயே தீர்ந்து மேலேயும் போய்விட்டது. 1,000 சதுர அடி மாடி முழுக்க என்றால் சுமார் 18 டன். லோடு ஏற்றிய ஆறு சக்கர லாரி ஒன்றைக் கொண்டுபோய் மாடியில் நிரந்தரமாக நிறுத்திவைத்த மாதிரி.

அதனால்தான் பசுமைக் கூரைக்குத் தோட்டத்து மண்ணை அள்ளிப் போடுவதில்லை. தென்னைநார்க் கழிவு, மக்கிய உரம், பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் குருணை, கொஞ்சம் செம்மண் சேர்ந்த கலவை பயன்படுத்துவார்கள். கடைக்காரர் சொல்லும் எடை பெரும்பாலும் காய்ந்த எடையாக இருக்கும். அதை நம்பி இறங்க வேண்டாம். வீட்டிலேயே அளந்துவிடலாம். 10 லிட்டர் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, கலவையை நிரப்பி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, சொட்டு நின்றதும் எடை போடுங்கள். வாளியின் எடையைக் கழித்தபின் வரும் கிலோவைப் பத்தால் பெருக்கினால், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர மீட்டரின் எடை கிடைத்துவிடும். 11 கிலோ வந்தால் 110 கிலோ.

இதோடு வடிகால் தட்டு, ஓரக் கூழாங்கல், செடி எல்லாம் சேரும். அடைமழையில் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தேங்கும் தண்ணீரும் சேரும். ஒரு சென்டிமீட்டர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 10 கிலோ. 2021 நவம்பர் மழையை நாம் பார்த்திருக்கிறோம். பாலாற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடிய அதே மாதம்தான் பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். நனைந்த எடையை வைத்துத்தான் எதையும் கணக்கிட வேண்டும்.

இங்கே வழக்கமாக வரும் மூன்று வாதங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

“ஆயிரம் லிட்டர் டேங்கையே தாங்குதே!” டேங்க் ஒரு டன்தான், சரி. அது சுவருக்கோ பில்லருக்கோ நேர் மேலே, தனி மேடையில் உட்கார்ந்திருக்கிறது. நடுத் தளத்தில் அல்ல.

“கிரகப்பிரவேசத்துக்கு நூறு பேருக்கு மாடியில்தானே பந்தி போட்டோம்!” பந்தி மூன்று மணி நேரத்தில் முடிந்தது. மண் இருபது வருடம் இருக்கும். நிரந்தரப் பாரத்தின்கீழ் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்யும். தவிர, மண் போட்ட பிறகும் ஆட்கள் ஏறத்தான் போகிறார்கள். அவர்களுடைய பங்கை மண்ணுக்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

“இன்னொரு மாடி எடுக்கக் கம்பி விட்டிருக்கிறோமே!” இது மட்டும் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய வாதம். தளத்தை வருங்கால மாடியின் தரையாக நினைத்துப் போட்டிருந்தால், குடியிருப்புத் தரைக்கான 200 கிலோவும், டைல்ஸும் தடுப்புச் சுவரும் தாங்கும் பலமும் அதில் இருக்கும். ஆனால் வரைபடம் வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி மட்டும் சாட்சியாகாது. அப்புறம், அந்தப் பலத்தைப் பசுமைக் கூரைக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த மாடி ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

இடம் கிடைக்க இன்னொரு வழி உண்டு, பலரும் யோசிப்பதில்லை. நம் வீடுகளில் தளத்தின் மேல் சுர்க்கி போட்டுத் தட்டோடு பதித்திருப்பார்கள். 3 அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் ஓடும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 150 முதல் 180 கிலோ வரை வரும். அதை எடுத்துவிட்டு, எடை குறைந்த நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்தால், கழித்த எடையில் ஒரு பகுதியைக் கலவை மண்ணுக்குக் கொடுக்கலாம். மாறாக, ஒழுகுகிறது என்று பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு பதித்த வீடுகளில் ஏற்கெனவே இரட்டைப் பாரம் உட்கார்ந்திருக்கும். ஓரிடத்தில் தட்டோட்டைப் பெயர்த்துத் தளம் வரை தோண்டி, எத்தனை அடுக்கு, எத்தனை அங்குலம் என்று அளக்காமல் கணக்கே தொடங்காதீர்கள்.

எடை விஷயத்தில் கொத்தனாரோ தோட்டம் அமைப்பவரோ சொல்வது போதாது. கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் நிலநடுக்கக் கணக்கையும் கேளுங்கள். நிலநடுக்கத்துக்கான 2016-ம் ஆண்டு ஐஎஸ் 1893 விதியில் வேலூர் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி. கூரையில் ஆட்கள் நடமாடும் பாரத்தை நிலநடுக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை. நிரந்தரமாகக் கிடக்கும் மண்ணைச் சேர்க்கத்தான் வேண்டும். அதிலும் அந்த எடை கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. கீழே சுவரில்லாமல் பில்லர் மேல் நிற்கும் கார் பார்க்கிங் கட்டடங்களில் இது சின்ன விஷயமில்லை.

படி 3: தளத்தின் உடல்நிலை

மாடிக்கு ஏறும் முன் கீழ் அறைகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். நேர்க்கோடாக, கம்பி ஓடும் வாக்கில் விரிசல். அதில் துருக் கறை. பூச்சு உப்பி விழுந்த இடம். வெளியே தெரியும் கம்பி. இதில் எது இருந்தாலும் பசுமைக் கூரையை மறந்துவிட்டு முதலில் தளத்தைப் பழுது பாருங்கள். பூச்சில் மட்டும் சிலந்தி வலை போல ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே விட்டுப்போன இடத்தில் சத்தம் மாறும்.

சுவருக்குச் சுவர் நூல் கட்டி, நடுவில் தளம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அளங்கள். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 விதி அனுமதிப்பது அறை நீளத்தில் 250-ல் ஒரு பங்கு. 12 அடி அறைக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. பூச்சின் ஏற்றத்தாழ்வும் இதில் கலந்திருக்கும் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து வீடுகளுக்கு ஒரு கூடுதல் கேள்வி: கட்டும்போது என்ன தண்ணீர் ஊற்றினார்கள்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐஎஸ் 456. உப்பு போர் தண்ணீரில் கலந்து, அதையே ஊற்றி ஆற வைத்த தளத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அப்படிச் சந்தேகம் இருந்தால் குளோரைடு சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்ஜினியர் ரீபவுண்ட் ஹாமர் (மேற்பரப்பில் பட்டுத் துள்ளுவதை வைத்துப் பலம் பார்க்கும் கருவி) கொண்டு தட்டிப் பார்த்து “நல்ல ஸ்ட்ரெங்த்” என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். காற்றுப் பட்டுப் பழகிய பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிப்போய், இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டும். கம்பி எங்கே, எத்தனை ஆழத்தில் என்று காட்டும் கவர் மீட்டரும், பெரிய கட்டடம் என்றால் கான்கிரீட்டில் உருளையாகத் துளைத்துக் கோர் எடுத்துச் சோதிப்பதும் சேர்ந்திருக்க வேண்டும்.

சன்ஷேடு, பால்கனி, முன்னால் நீட்டிய போர்ட்டிகோ ஆகிய ஒற்றைப் பக்கம் பிடித்துத் தொங்கும் பகுதிகளில் ஒரு சட்டி மண்கூட வேண்டாம். அழகாகத் தெரிகிறது என்று எல்லோரும் முதலில் செடி வைப்பது அங்கேதான்!

படி 4: ஒழுகல், சாய்வு

மூன்றாம் படியில் தேறிய தளத்தில் மட்டும் தண்ணீர் கட்டிப் பாருங்கள். வடிகுழாய்களை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் விட்டு, கீழே எங்கே ஈரம் காண்கிறது என்று பார்ப்பது. இதுவே சதுர மீட்டருக்கு 50 கிலோ என்பதால் பலவீனமான தளத்தில் செய்யக் கூடாது. கோடையில் செய்தால் மட்டம் தானாகவே இறங்கும். கசிவா, வெயிலா என்ற குழப்பம் வரும். பக்கத்திலேயே ஓர் அகலத் தட்டில் தண்ணீர் வைத்து, அதில் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

பிறகு அடைப்பை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எங்கே குட்டை நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். 100 அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் இருக்க வேண்டும். வடிகுழாய் குறைந்தது இரண்டு. அதோடு, மண் மட்டத்துக்குச் சற்று மேலே கைப்பிடிச் சுவரில் தண்ணீர் தானாக வெளியே கொட்டும் ஓட்டைகள் வேண்டும். ஐப்பசியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 சதுர அடி மாடியில் விழுவது 9,000 லிட்டருக்கு மேல்.

கூலிங் டைல்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது வேரைத் தடுக்காது. காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று கைப்பிடிச் சுவரைப் பிளப்பதைப் பார்க்காத தெரு நம் ஊரில் உண்டா? நீர்த்தடுப்புக்கு மேல் கனமான ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் போன்ற வேர்த்தடுப்பு தனியாக வேண்டும்.

படி 5: மே மாதத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

நமக்குத் தென்மேற்குப் பருவமும் கொஞ்சம் தரும், வடகிழக்கும் தரும். ஜூன் முதல் டிசம்பர் வரை சமாளித்துவிடலாம். ஜனவரி முதல் மே வரை வானத்தை நம்ப முடியாது. மழை அதிகமுள்ள ஊர்களில் எழுதப்பட்ட பசுமைக் கூரைக் குறிப்புகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஐந்து மாதம்தான் காரணம்.

கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் ஆவியானால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். இலை அடர்ந்த செடிக்குக் கோடையில் நாளுக்குச் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 லிட்டர் என்று வைத்தால், 500 சதுர அடிக்குத் தினமும் ஏறத்தாழ 200 லிட்டர். மாதம் 6,000 லிட்டர். காவிரிக் கூட்டுக் குடிநீர் விட்டு விட்டு வரும் தெருவில், லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில், இதை எங்கே தேடுவது? தண்ணீர் நின்றால் பதினைந்து நாளில் செடி கருகிவிடும். அப்புறம் மாடியில் மிஞ்சுவது எடை மட்டும்தான்.

தண்ணீரின் அளவு போலவே தரமும் முக்கியம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிலின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கின் தீர்ப்பு வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பகுதி போர் தண்ணீரை மாடி மண்ணில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். தரையில் மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். ஒரு சாண்கூட இல்லாத மாடி மண்ணில் அது வேரிலேயே உட்காரும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி முதலில் பாருங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் இன்னும் உப்பானது, தொடாதீர்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் அறைக்கு ஒரு ஏசி ஓடுகிறது. அதைக் குழாயில் சேர்த்தால் கணிசமாகக் கிடைக்கும்.

2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் மாடிக் குழாய் சம்ப்பிலோ கிணற்றிலோ இறங்கிக்கொண்டிருக்கும். மண் வழியே வடியும் நீர் டீ நிறத்தில், உரச் சத்தோடு வரும். அதைக் குடிக்கும் சம்ப்பில் விடக் கூடாது. நிலத்தில் இறக்கும் குழிக்குத் திருப்புங்கள்.

செடியையும் தண்ணீரைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பருப்புக்கீரை, டேபிள் ரோஸ், கற்றாழை, பிரண்டை ஆகியவை மூன்று நான்கு அங்குல மண்ணில், வாரம் ஓரிரு தடவை தண்ணீரில் கோடையைத் தாண்டும். கற்பூரவல்லி, நித்தியகல்யாணிக்குக் கொஞ்சம் கூடுதல் மண். இலவம்பாடி முள்ளுக்கத்தரியை மாடியில் வளர்க்கப் பலருக்கும் ஆசை. 2023-ல் புவிசார் குறியீடு வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அதற்கு ஓர் அடி மண் வேண்டும். பீம் ஓடும் வரிசையில், சுவரோரமாகத் தொட்டி வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள். தளம் முழுக்க அத்தனை மண் வேண்டாம்.

படி 6: மற்றவை

மலையடிவாரத் தெரு என்றால் குரங்கு வரும். டேங்குக்கும் மண்ணுக்கும் ஆள் ஏறிப் போக வழுக்காத படியும் இடுப்பளவு கைப்பிடிச் சுவரும் வேண்டும். தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்குக் கொசு வளரும். சோலார் பேனல் போடும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள், பேனலின் எடையும் சேரும்.

கோட்டையைச் சுற்றி இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கடுத்த 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே பழுதுபார்ப்புக்குக்கூட அனுமதி தேவைப்படும். நிழலுக்கு மாடியில் இரும்பு ஷெட் போடுவதை முன்கூட்டியே கேட்காமல் தொடங்காதீர்கள். அடுக்குமாடி என்றால் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மேல்மாடிக்காரர் மட்டும் முடிவெடுக்க முடியாது.

படி 7: முடிவு

எல்லாவற்றிலும் தேறும் கட்டடங்கள் எவை? காட்பாடி பக்கம் வரும் புது அடுக்குமாடிகளின் கார் நிறுத்தத்துக்கு மேலுள்ள திறந்த தளங்களில் வாய்ப்பு அதிகம். தோட்டத்துக்கென்றே கணக்கிட்டுப் போட்டிருக்கக்கூடும், வரைபடமும் கையில் இருக்கும். பில்லர், பீம் வைத்துக் கட்டிய கல்லூரிகள், லாட்ஜ்கள் அடுத்து. லாட்ஜ் மாடியில் டேங்க், ஏசி யூனிட், துணிக்கொடி எல்லாம் போக மிச்ச இடம் எவ்வளவு என்பது வேறு கதை. தனி வீடுகளில் மாடியின் மூன்றில் ஒரு பங்குக்கு, மேற்கு வெயில் ஏறும் அறைக்கு மேல் மட்டும், மெல்லிய மண்ணில் செய்வதுதான் நியாயமாகப்படுகிறது.

தேறாத வீட்டுக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. சுத்தம் செய்த தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ அடித்தால், எடையும் இல்லை, தண்ணீரும் வேண்டாம். வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அழுக்கேறினால் கழுவி மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேறிய வீட்டுக்காரர்கள் முதலில் 100 சதுர அடி மட்டும் போட்டு, ஒரு வடகிழக்குப் பருவமும் ஒரு கத்திரியும் கடக்கட்டும் என்று விடுங்கள். இரண்டுக்குப் பிறகும் கீழே நூல் கட்டி அளந்து பாருங்கள். இன்ஜினியரிடம் வாங்கும் அறிக்கையில் “தாங்கும்” என்ற சொல் போதாது: நனைந்த நிலையில் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, எந்தப் பகுதியில், எந்தப் பகுதியில் கூடவே கூடாது, எந்த அடுக்குகளை எடுத்த பிறகு என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளின் ஒரு நகல் மண் போட வரும் ஆட்களிடமும் இருக்கட்டும். மாடியில் ஒரே இடத்தில் மூட்டைகளை அடுக்கி வைப்பது அவர்கள்தான்.